மஞ்சள் துணி கட்டாத கிடா

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கூத்தனேரிக் காலனியில் ஓடு வேய்ந்த சிறிய கிறித்தவக் கோவில் ஒன்று இருக்கிறது. தை மாதம் அங்கே அறுப்பின் பண்டிகை நடக்கும். விளைந்ததில் முதற்பங்கைச் சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பதும், ஆராதனை முடிந்தபின் அவற்றை ஏலம் விடுவதும் பல ஊர்ச் சபைகளில் உள்ள வழக்கமே. ஆனால் கூத்தனேரியில் காணிக்கையாக வரும் ஆட்டின் கழுத்தில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருக்கும். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்குக் கட்டும் துணி இந்தக் கோவிலுக்குள் எப்படி வந்தது என்று வெளியூரிலிருந்து வருபவர்கள் கேட்பதுண்டு. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் ராகேல் என்ற பெண்மணியின் வாழ்க்கையில் மூன்றாண்டுகளைச் சொல்லியாக வேண்டும்.

ராகேல் 1952-இல் மணலூர்பேட்டைக்கு அருகே, கூலி வேலை செய்த பெற்றோருக்குப் பிறந்தார். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். இருபத்தொரு வயதில் அவரைக் கூத்தனேரித் தெய்வசிகாமணிக்கு மணம் செய்து கொடுத்தார்கள். மாப்பிள்ளை திருமணத்துக்கு முந்திய மாதம்தான் ஞானஸ்நானம் பெற்றவர். பெயரிலேயே தெய்வம் இருக்கும்போது அதை மாற்றுவானேன் என்று அன்றைய சபை குரு விட்டுவிட்டதால் பழைய பெயரே நிலைத்தது. அவர்களுக்குத் தங்கிய குழந்தை அருள்மொழி என்ற மகள் ஒருத்திதான்.

நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு என்று கணவனும் மனைவியும் ஊராருடைய நிலங்களில் உழைத்து வந்தார்கள். மழை பொய்த்துக் கூலி வேலை அருகியபோது, 1985 பிப்ரவரியில், தெய்வசிகாமணி ஒரு மேஸ்திரியுடன் குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போனார். அவருக்கு எழுதத் தெரியாது. தோட்டத்து எழுத்தர் எழுதிக் கொடுத்த கடிதங்கள் நான்கு வந்தன. காப்பித் தோட்டத்தை விட்டு மிளகுத் தோட்டம் ஒன்றுக்குப் போவதாகச் சொன்ன நான்காவது கடிதம் அக்டோபரில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மார்கழியில் மேஸ்திரி தனியே திரும்பி வந்து, ஆள் எங்கே போனான் என்று தனக்குத் தெரியாது என்றார். யானை மிதித்திருக்கும் என்றார்கள் சிலர். வேறு குடும்பம் அமைத்துக்கொண்டிருப்பான் என்றார்கள் பலர்.

ராகேல் இரண்டையும் ஏற்கவில்லை; இரண்டையும் மறுத்து வாதாடவும் இல்லை. நாள்தோறும் மாலையில், விளக்கேற்றியவுடன், மண்டியிட்டு ஜெபம் செய்தார். அந்த ஜெபம் அக்கம்பக்கத்தாருக்குப் பழகிப்போன ஒன்று. அதில் அழுகை இராது. தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுப்பதுபோல் விவரம் இருக்கும். தென்னார்க்காடு மாவட்டம், கள்ளக்குறிச்சி தாலுகா, கூத்தனேரித் தெய்வசிகாமணி, வயது முப்பத்தாறு, இடது புருவத்தில் அரிவாள் தழும்பு, வெற்றிலை போடமாட்டார், கூப்பிட்டால் முதலில் தரையைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்வார், அவரை வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று முடியும். கோவிலை நடத்திவந்த உபதேசியார் அருளானந்தம், கர்த்தருக்கு விலாசம் எதற்கு என்று ஒருநாள் கேட்டார்.

“அந்தப் பேருல எத்தினி பேரு இருக்காங்களோ ஐயா. ஆள மாத்தி அனுப்பிட்டா இன்னா பண்றது?” என்றார் ராகேல்.

1986 ஜனவரியில் சாமை அறுவடைக்காக அவர் வெள்ளிமலைப் பக்கம் போயிருந்தார். பத்து நாள் வேலைக்குக் கூலியாக, தானியத்தோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் மலைக்காரப் பெண் ஒருத்தி கொடுத்தாள். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு. குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கும்போது, கணவர் திரும்பி வந்தால் இதைக் காணிக்கையாகக் கொடுப்பதாக ராகேல் பொருத்தனை செய்துகொண்டார். அடுத்த ஞாயிறு அதைக் கோவிலுக்குக் கொண்டுபோய் ஜெபம் செய்யச் சொன்னார். ஜெபம் முடிந்ததும், பழைய மஞ்சள் சேலையில் கிழித்து வைத்திருந்த துண்டைக் குட்டியின் கழுத்தில் கட்டப் போனார். உபதேசியார் தடுத்தார்.

“அதெல்லாம் அவங்க வழக்கம்மா. நம்ம கர்த்தருக்கு அடையாளம் வேணாம். அவருக்குத் தெரியும்.”

அருளானந்தம் கல்நெஞ்சர் அல்லர். அவருடைய தகப்பனார் அம்மன் கோவிலில் பறையடித்தவர். விட்டுவந்த வழக்கங்களில் ஒன்றைத் திரும்ப அனுமதித்தால் மற்றவையும் பின்னாலேயே வந்துவிடும் என்ற அச்சம் அவருக்கு எப்போதும் இருந்தது. ராகேல் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

குட்டி வளர்ந்தது. விதையடித்த கிடாவாதலால் நன்றாகவே கொழுத்தது. ராகேல் வேலைக்குப் போகுமிடமெல்லாம் கூடவே போயிற்று. கணவரைத் தேடும் பெண்ணின் பின்னால் ஓர் ஆடு திரிவது காலனியில் கேலிக்கு உரியதாயிற்று. குழாயடியில் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் தவறாமல் விசாரிப்பாள்.

“இன்னா ராகேலு, உங்க வூட்டுக்காரரு காலைல புல்லு தின்னாரா?”

“தின்னாரு. உங்க வூட்டுக்காரரு மாதிரி குடிச்சிட்டு வந்து வுழுவல.”

1987-ஆம் ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு ஆட்டைக் கொடுத்துவிடும்படி பலர் சொன்னார்கள். முன்கூட்டியே கொடுத்தால் கர்த்தர் மனமிரங்குவார் என்றும் யோசனை கூறினார்கள். வந்தபின் கொடுத்தால்தான் அது பொருத்தனை, வருவதற்கு முன்னால் கொடுத்தால் அது லஞ்சம் என்று ராகேல் மறுத்துவிட்டார். சின்னசேலம் வியாபாரி ஒருவர் பக்ரீத்துக்காக விலை பேசி வந்தபோதும் மறுத்தார். அப்போது வீட்டில் ஒரு வேளைதான் உலை வைத்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு வயது அருள்மொழி அந்த ஆட்டைப் பசியோடு பார்த்ததும் உண்டு. தாய் அதைக் கவனிக்காமல் இல்லை. தம் பங்குக் கூழில் பாதியை மகளின் வட்டிலில் ஊற்றுவார்; ஆட்டைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார்.

அந்த ஆண்டு செப்டம்பர் 17, வியாழக்கிழமை, தங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு ஊர்த் தெரு விவசாயிகள் நடத்திய ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. கூத்தனேரிக் கூட்டுச் சாலையில் இரண்டு புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரே பேருந்தும் நின்றது. மறியலை முன்னின்று நடத்தியவர் பொன்னுரங்கம் என்ற விவசாயி. ஐந்து ஏக்கர் நிலமும், பட்டம் பெற்று மூன்றாண்டுகளாக வேலைக்கு அலையும் மகனும் உடையவர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காலனியாருக்கும் அது புரியாமல் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற நாளோடு பட்டியல் சாதியாருக்கு உரிய சலுகையை இழந்துவிட்ட குடும்பங்கள் அவை. எனினும் சாலையில் திரண்ட கூட்டம் வேறு, காலனி வேறு. நிலமுடையவர்கள் எல்லாரும் சாலையில் இருந்ததால் வயல் வேலைக்குக் கூப்பிட ஆளில்லை. யாரும் கூட்டுச் சாலைப் பக்கம் போகவேண்டாம் என்று உபதேசியார் வீடு வீடாகச் சொல்லி வைத்தார்.

நான்காம் நாள் ஞாயிறு. கள்ளக்குறிச்சியிலிருந்து குரு வர வழியில்லாததால் உபதேசியாரே ஆராதனை நடத்தினார். கோவிலுக்குப் பின்னால் கட்டியிருந்த கிடா, எல்லாரும் உள்ளே இருந்த நேரத்தில், கயிற்றை அறுத்துக்கொண்டு போயிற்று. எங்கே போயிருக்கும் என்று தேட வேண்டியதில்லை. வெட்டிச் சாய்த்த புளியமரத்தில் அது எட்ட முடியாத உயரத்துத் தழையெல்லாம் இப்போது தரையில் கிடந்தது.

மறியல்காரர்கள் அங்கேயே சமைத்து உண்டுவந்தார்கள். மூன்று நாள் சாம்பார் சோறு சலித்திருந்த வேளையில், தழை மேய்ந்துகொண்டிருந்த ஆடு கண்ணில் பட்டது. பொன்னுரங்கத்தின் தங்கை மகனும் சின்னசேலத்தில் லாரி ஓட்டுபவனுமான வீரமுத்து அதைப் பிடித்தான். அவன் எதையும் முறைப்படி செய்பவன். ஆடு யாருடையது என்று மூன்று முறை கூவிக் கேட்டான். கூட்டத்தில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்து ஊரார், ஒருவருக்கும் தெரியவில்லை. ஊர்க்காரரான பொன்னுரங்கம் அப்போது அங்கே இல்லை. நேர்ந்துவிட்ட ஆடாக இருக்குமோ என்ற ஐயத்தில் வீரமுத்து கழுத்தைத் தடவிப் பார்த்தான். மஞ்சள் துணி இல்லை. காதைப் பார்த்தான், கிழித்த அடையாளம் இல்லை. அதன்பிறகே அறுத்தான்.

ஆராதனை முடிந்து, பிற்பகல் வரை தேடியபின், அருள்மொழிதான் செய்தி கொண்டுவந்தாள். ராகேல் உடனே புறப்பட்டார். கும்பலில் யார் எப்படி என்று தெரியாது, போகவேண்டாம் என்று உபதேசியார் வழிமறித்துச் சொன்னார். ராகேல் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார். உபதேசியார் சற்று நேரம் நின்றார். பிறகு செருப்பு மாட்டவும் மறந்து பின்னாலேயே போனார்.

கூட்டுச் சாலையில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. சாய்ந்து கிடந்த அடிமரத்தின் மேல் தோல் விரித்துப் போட்டிருந்தது. நெற்றி வெள்ளைத் திட்டு அதில் தெளிவாகத் தெரிந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் ராகேல் நின்றார். வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்த பொன்னுரங்கம்தான் அவரை முதலில் கண்டார். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தம் வயலில் நட்டுவந்த பெண் என்பதால் அவருக்குத் தெரிந்த முகம்.

“இன்னா ராகேலு, இங்க எங்க வந்த?”

“அந்தத் தோலு எங்க வூட்டுக் கிடாதுங்க.”

பொன்னுரங்கம் மருமகனைத் திரும்பிப் பார்த்தார். மூன்று முறை கூவிக் கேட்டதை வீரமுத்து சொன்னான். அவர் சங்கடப்பட்டார். தம் பட்டியில் அதைவிட எடையுள்ள ஆடு இருக்கிறது, நாளைக் காலையில் வந்து ஓட்டிக்கொண்டு போகலாம் என்றார்.

“ஆட்டுக்கு ஆடு வேணாங்க ஐயா. எங்க வூட்டுக்காரரு திரும்பி வரணும்னு கர்த்தருக்கு நேர்ந்தது அது. ஒண்ணே முக்கா வருசமா வச்சிக்கினு இருந்தேன்.”

நேர்ந்தது என்ற சொல் காதில் விழுந்ததும் பந்தியில் கைகள் நின்றன. முதியவர் ஒருவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அது யாருடைய சாமிக்கு நேர்ந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. வீரமுத்துவின் முகம் வெளுத்திருந்தது.

“நேர்ந்துவுட்டதுன்னா கழுத்துல ஒரு மஞ்சத்துணி கட்டக்கூடாதா? உங்க சாமிக்குத் தெரியும். எனக்கு எப்பிடித் தெரியும்?”

ராகேல் பின்னால் நின்ற உபதேசியாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உபதேசியாரே முன்னே வந்தார்.

“அந்தம்மா கட்டத்தான் வந்துது. நான்தான் வேணான்னுட்டேன்.”

பிறகு பொன்னுரங்கம், பிறர் வேண்டுதலுக்கு விட்டதைத் தெரியாமல் தின்றால் அந்த வேண்டுதல் தின்றவனைச் சேரும் என்றார். அது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கமா, அல்லது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியதா என்பதை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அங்கிருந்தவர்களில் ஒருவரும் அதை மறுக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

“தின்னது நாங்க. இனிமே அது எங்க தலைமேல. ஆளு எப்பிடி இருப்பாரு, சொல்லு.”

ராகேல் சொன்னார். மாவட்டம், தாலுகா, ஊர், பெயர், புருவத் தழும்பு, வெற்றிலை போடாதது, தரையைப் பார்த்துவிட்டு நிமிர்வது என்று மாலைதோறும் சொல்லிவந்த அதே வரிசையில், அதே குரலில், வயதில் மட்டும் இரண்டைக் கூட்டிச் சொன்னார். அது அவருடைய ஜெபம் என்பது அங்கே உபதேசியார் ஒருவருக்குத்தான் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். மாதம் இருமுறை மைசூருக்கு வெல்லம் ஏற்றிச் செல்லும் வீரமுத்து, அதை இரண்டு முறை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டான்.

கூட்டத்தின் முன் அவ்வளவு உறுதியாக நின்ற ராகேல், வீடு திரும்பிய பிறகு தளர்ந்துபோனார். அன்று மாலை விளக்கேற்றி மண்டியிட்டவருக்கு வார்த்தை வரவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் மண்டியிடவும் இல்லை. கணவர் வருவார் என்பதற்கு அவரிடம் இருந்த கண்கண்ட பிடிமானம் அந்த ஆடு ஒன்றுதான். அது இரை மென்றுகொண்டு வாசலில் நிற்கும்வரை காத்திருப்பது எளிதாக இருந்தது. இப்போது வெறும் முளைக்குச்சிதான் நின்றது. இனிக் காத்திருப்பதில் பொருளுண்டா என்று அவர் முதன்முறையாக எண்ணிப் பார்த்தார். தெருவில் குஞ்சம்மாளும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கேலி இல்லாதது அவரை மேலும் வருத்தியது.

நான்காம் நாள் உபதேசியார் மன்னிப்புக் கேட்க வந்தார். தவறு முழுவதும் தம்முடையதே என்றார். ராகேல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையிலிருந்த கட்டை ஆய்ந்து முடித்துவிட்டுப் பேசினார்.

“குடுக்கிறதா சொன்னது போயிடுச்சிங்க ஐயா. எந்த வழியா போனா இன்னா, நம்ம கையில இல்ல. கேட்டது இன்னும் வரல. கேக்கிறத மட்டும் நான் ஏன் நிறுத்தணும்?”

உபதேசியாருக்கு ஆறுதல் சொல்வதற்காகத் தொடங்கிய பேச்சு அது. சொல்லி முடித்தபோது அது தமக்கே சொல்லிக்கொண்டதாக ஆகிவிட்டது. அன்று மாலை அந்த வீட்டில் மறுபடி ஜெபம் கேட்டது. வழக்கமான விவரங்களுக்குப் பின், லாரி ஓட்டும் வீரமுத்துவுக்கு வழி தப்பாதிருக்க வேண்டும் என்று ஒன்று சேர்ந்திருந்தது.

மறியல் முடிந்ததும் பொன்னுரங்கத்தைக் கைது செய்து கடலூர்ச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய மனைவி ஆண்டாள் நின்றுபோன நடவுக்கு ராகேலை அழைத்தார். வரப்பில் நின்றபடி, உங்கள் சாமியிடம் எங்கள் வீட்டுக்காரருக்காகவும் ஒரு வார்த்தை சொல் என்றார்.

“சொல்லிக்கினுதாங்க இருக்கேன்.”

“விலாசம் சரியா சொன்னியா?”

“கடலூர் ஜெயிலுன்னு சொல்லிட்டேங்க.”

ஒரு மாதத்தில் பொன்னுரங்கம் விடுதலையாகி வந்தார். வீரமுத்துவின் தேடலில்தான் பலன் இல்லை. மைசூரிலும் குடகுப் பாதையிலும் லாரி நிற்குமிடமெல்லாம் கேட்டான். அக்டோபர் போயிற்று, நவம்பர் போயிற்று. டிசம்பர் நடுவில், ஹுன்சூருக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில், ஒரு காலை இழுத்து நடந்துபோய்க் கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டான். இடது புருவத்தில் தழும்பு. கூப்பிட்டான், அவர் முதலில் தரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பெயர் கேட்டதற்கு மணி என்றார். வீரமுத்து, மாவட்டத்திலிருந்து தொடங்கி, மனப்பாடம் செய்ததை முழுவதும் ஒப்பித்தான். அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

மிளகு பறிக்கையில் மூங்கில் ஏணியிலிருந்து விழுந்து தெய்வசிகாமணிக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எலும்பு கூடியது, கால் குட்டையாயிற்று. சுமை தூக்க முடியாத உடம்பை மனைவி தலையில் கொண்டுபோய் வைப்பதைவிட, இறந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொள்வதே நல்லது என்று அவர் முடிவு செய்திருந்தார். வீரமுத்து எவ்வளவு சொல்லியும் லாரியில் ஏறவில்லை. வீரமுத்து திரும்பி வந்து ராகேலிடம் நடந்ததைச் சொன்னான். அடுத்த பயணத்தில் அவருடைய மறுமொழியைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அது இதுதான்: “அவரு வரணும்னுதான் கேட்டேன். வந்து வேல செய்யணும்னு நான் கேக்கவே இல்லியே.”

இதைக் கேட்ட பின்னும் தெய்வசிகாமணி தயங்கினார். வீரமுத்துவின் பொறுமை அங்கே தீர்ந்தது.

“உன் பேரச் சொல்லி ஒரு கிடாவத் தின்னுட்டோம்யா. நீ ஊருக்கு வந்தாதான் எங்களுக்குச் செரிக்கும். ஏறு வண்டில.”

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு தெய்வசிகாமணி கூத்தனேரி வந்து சேர்ந்தார். வந்தவுடன் எல்லாம் சீராகிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. அவரால் சம்மணமிட்டு உட்கார முடியவில்லை. அருள்மொழி அவரிடம் பேசக் கூச்சப்பட்டாள். சுவரைப் பார்த்தபடியே பெரும்பாலும் இருந்தார். ஒரு வேளை உலையில் இப்போது மூவர் பங்கு. ஆனால் மாலை ஜெபத்தில் விலாசம் சொல்வது நின்றது. நன்றி சொல்ல இரண்டே வாக்கியம் போதுமானதாக இருந்தது. பழகிய நீளம் குறைந்ததால், ஜெபம் முடிந்தபின்னும் ராகேல் சற்று நேரம் மண்டியிட்டபடியே இருப்பார்.

1988 ஜனவரி 31, ஞாயிறு, அறுப்பின் பண்டிகை. கள்ளக்குறிச்சியிலிருந்து குரு வந்திருந்தார். பூசணியும் கரும்பும் கோழிகளும் பீடத்தின் முன் வரிசையாக இருந்தன. கொடுப்பதற்கு ஆடில்லாததால் ராகேல் ஒரு படி சாமையைக் கொண்டுவந்திருந்தார். ஆராதனை தொடங்குமுன், பொன்னுரங்கமும் வீரமுத்துவும் ஓர் ஆட்டுடன் காலனித் தெரு முனையில் வந்து நின்றார்கள். பொன்னுரங்கம் அதுவரை அந்த முனையைத் தாண்டி உள்ளே வந்தவர் அல்லர். ஆட்டின் கழுத்தில், மஞ்சளில் அன்றே நனைத்த புதுத் துணி கட்டியிருந்தது. ஈரச் சாயம் அதன் வெள்ளை மயிரிலும் இறங்கியிருந்தது.

“வேண்டுதல்ல எங்க பங்கு முடிஞ்சிது. இது நீங்க குடுக்க வேண்டிய பங்கு,” என்றார் பொன்னுரங்கம்.

ராகேல் கயிற்றைத் தாம் வாங்காமல் கணவரைப் பார்த்தார். தெய்வசிகாமணி காலை இழுத்து நடந்துபோய்க் கயிற்றை வாங்கினார். உள்ளே வருமாறு கூப்பிட்டார். பொன்னுரங்கம் ஒரு நொடி யோசித்துவிட்டு, கோவில் வேம்படி வரை வந்து நின்றுகொண்டார்.

பீடத்தருகே ஆட்டைக் கொண்டுவந்தபோது, கழுத்தில் இது என்ன என்று குரு கேட்டார். உபதேசியார் முன்னே வந்து துணியின் முடிச்சில் கை வைத்தார். அவிழ்க்கப் போகிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். முடிச்சு தளர்ந்திருந்தது. அதை இறுக்கிக் கட்டிவிட்டு, இது இங்கே இருக்கட்டும் ஐயா, பிறகு சொல்கிறேன் என்று தம் இடத்துக்குப் போய்விட்டார்.

ஆராதனைக்குப் பின் ஏலம் தொடங்கியது. ஆட்டின் முறை வந்ததும், வேம்படியில் நின்ற வீரமுத்துவைக் குஞ்சம்மாள் சீண்டினாள். கிடாக்கறி பிடித்தவராயிற்றே, ஒரு விலை கேட்கக்கூடாதா என்றாள்.

“ஐயோ, வேணாங்க. ஒரு தபா தின்னதுக்கே மைசூரு வரைக்கும் அலைஞ்சேன்.”

கூட்டம் சிரித்தது. ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற தெய்வசிகாமணி முதலில் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அவரும் சிரித்தார். தகப்பனார் திரும்பி வந்தபின் சிரித்ததை அருள்மொழி அன்றுதான் பார்த்தாள்.